எந்தக் கன்னத்தில் மச்சம்

ஒன்பது பத்துக்கு என் தங்கை மகள் தேர்வு மையத்திலிருந்து போன் செய்தாள். இரட்டையரில் சின்னவள். அவள் அழுதால் எனக்குத் தெரியும். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

“பெரியம்மா, என்னை உள்ள விடமாட்டேங்கிறாங்க. ஹால் டிக்கெட் போட்டோல இருக்கிறது நான் இல்லையாம்.”

அந்தப் போட்டோவை எடுத்தது நான். அச்சடித்தது என் ஸ்டுடியோ. இருபத்திரண்டு வருடமாக ஒரு பாஸ்போர்ட் படம் கூட என் கடையிலிருந்து திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிரில், எவளாவது கண்ணாடி போடாத கண்காணிப்பாளர் உளறியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சின்னவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது.

இரட்டையரில் பெரியவள் ஏழு நிமிடம் மூத்தவள். பெற்றவளே சில நேரம் மாற்றிக் கூப்பிடுவாள், அப்படியொரு ஒற்றுமை. பிரித்துக் காட்ட இருப்பது ஒரு மச்சம்தான். பெரியவளுக்கு வலது கன்னத்தில், சின்னவளுக்கு இடது கன்னத்தில். ஹால் டிக்கெட்டில் மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. வாசலில் நின்றவளுக்கோ இடது கன்னத்தில். தலைமைக் கண்காணிப்பாளர் அம்மா படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூடப் பிறந்த இரட்டை யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார். இந்தப் பைத்தியம் உண்டு என்று சொன்னதோடு நிற்காமல், அக்கா போன வருடமே இதே நர்சிங் தேர்வில் பாஸாகி வேலையில் இருக்கிறாள் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. அவளுக்குப் பொய் வராது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே பிறந்தவள்.

அந்த அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? பாஸான அக்கா, பெயிலான தங்கைக்காகத் தேர்வு எழுத வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஆள்மாறாட்டம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மூன்று வருடம் தேர்வுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. சின்னவளின் ஆஸ்பத்திரி வேலை தற்காலிகம். இந்த முறை தேர்ச்சி பெற்றால்தான் நிரந்தரம், இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு. பெரியவளைக் கொண்டுவந்து நிறுத்தலாமென்றால் அவள் இருப்பது ஆறு மணி நேரப் பயணத் தொலைவில். அந்த நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

கண்காணிப்பாளர் ஒரு வழி விட்டிருந்தார். படம் எடுத்த ஸ்டுடியோவிலிருந்து தேதியோடு கூடிய அசல் படம் தாளில் வர வேண்டும். தவறு எப்படி நேர்ந்தது என்று முத்திரையோடு கடிதம் வர வேண்டும். போனில் காட்டுவதெல்லாம் செல்லாது. பத்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கடையிலிருந்து தேர்வு மையத்துக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் கையில் இருந்தது ஐம்பத்தைந்து நிமிடம்.

எங்கள் கடையில் முன்பாதி என் ஸ்டுடியோ. பின்பாதி என் வீட்டுக்காரருடையது. டி-ஷர்ட்டிலும் கோப்பையிலும் பெயர், படம் அடித்துக் கொடுப்பார். போன வருடம் அவருடைய பிரிண்டர் மூச்சை விட்டதிலிருந்து என் பிரிண்டரில்தான் அவருக்கும் வேலை, என் கம்ப்யூட்டரில்தான் அவருக்கும் இடம். ஒரு உறையில் இரண்டு கத்தி. நான் ஒவ்வொரு படத்தையும் தேதி, பெயர், எதற்காக எடுத்தது என்று குறித்து அடுக்கி வைப்பவள். அவரோ பழைய துணியைப் பெட்டியில் திணிப்பதுபோல எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் கொட்டி வைப்பவர்.

எடிட்டிங் மென்பொருளைத் திறந்து சின்னவள் பெயரைத் தட்டினேன். வர வேண்டியது நானூறு சொச்சம் படம். வந்தது இரண்டாயிரத்து முந்நூறு. பெரியவள் சிரிக்கிறாள், சின்னவள் சாப்பிடுகிறாள், இருவரும் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், எல்லாம் ஒரே பெயரில் ஒரே குவியலாக இருந்தது. முகங்களை அடையாளம் கண்டு பிரிக்கும் வசதி அதில் உண்டு. சந்தேகம் வந்தால், இந்த இரண்டும் ஒரே ஆளா என்று நம்மையே கேட்கும். யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் டி-ஷர்ட்டில் ஒட்ட வெட்டிய தாளோடு நின்றார்.

“அது கேட்டுச்சு, நான் ஆமான்னேன். எனக்கே ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

அவரைத் திட்ட எனக்கு நேரமில்லை. ஆனாலும் திட்டினேன். ஒரு நிமிடம் போயிருக்கும்.

பெயரை விட்டுவிட்டுத் தேதிக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஃபோல்டர் இருந்தது. உள்ளே படங்களும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி. சின்னவளின் படத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மென்பொருளிடம் இருந்தது அதன் நிழல் மட்டும்தான், அசல் கோப்பு அந்த இடத்தில் இல்லை. நிழலை வைத்துக்கொண்டு அச்சடித்தால் மச்சம் எது மூக்கு எது என்று தெரியாது.

இதற்கும் அவர்தான். போன மாதம் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களையெல்லாம் வெளி டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார். மென்பொருளுக்குள்ளிருந்து மாற்றியிருந்தால் அதுவே புது முகவரியைக் குறித்துக்கொண்டிருக்கும். இவர் வெளியிலிருந்து தூக்கிப் போட்டிருக்கிறார். வாடகைக்காரரைச் சொல்லாமல் வீடு மாற்றிவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

நீல டிஸ்க்கு எங்கே என்றேன். மேசை இழுப்பறை என்றார். அங்கே இல்லை. அலமாரி என்றார், அங்கேயும் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கோப்பைப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து அவரே எடுத்து வந்தார், முட்டியில் தூசியோடு. செருகினேன். ஒரு படத்துக்கு மட்டும் அது இருக்கும் இடத்தைக் காட்டினேன். மற்ற கேள்விக்குறிகளெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. மணி ஒன்பது முப்பத்தேழு.

முழுப் படம் திரையில் வந்தது. வெள்ளைச் சீருடையில் சின்னவள், இடது மார்பில் ஆஸ்பத்திரி பெயர் தைத்த பட்டை, நெற்றியில் ஒரு முடிக்கற்றை விலகிக் கிடந்தது, இடது கன்னத்தில் மச்சம்.

எனக்கு உயிர் வந்தது. படம் சரி. பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டும்போது பட்டை போய்விடும், முகம் மட்டும் நிற்கும். அப்படியானால் வலது கன்னத்துக்கு மச்சம் எப்படிப் போனது? அதைப் பிறகு பார்க்கலாம் என்று, வழக்கமாக எட்டுப் படம் அடிக்க நான் சேமித்து வைத்திருக்கும் அமைப்பையே தேர்ந்தெடுத்து, அதில் முழுப் படத்தைப் பெரிதாக ஒன்று வைத்து அடித்தேன்.

தாள் வெளியே வந்தது. மச்சம் வலது கன்னத்தில்.

திரையைப் பார்த்தேன், இடது. தாளைப் பார்த்தேன், வலது. பிரிண்டரை அணைத்துப் போட்டேன். இது மூளை குழம்பியவர்கள் செய்யும் முதல் வேலை. இரண்டாவது தாளும் வலது. கோபத்தில் இரண்டையும் குப்பைக்கூடையில் எறிந்தேன். பேசாமல் திரையில் படத்தைத் திருப்பிவிட்டு அடித்தால் தாளில் நேராக வந்துவிடும் என்று தோன்றியது. மவுஸை நகர்த்திவிட்டேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். காரணம் தெரியாமல் அடித்துக்கொண்டு போனால் கடிதத்தில் என்ன எழுதுவாய் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே குனிந்து கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீவினார். ஆஸ்பத்திரி பெயர் தைத்த பட்டையில் விரலை வைத்து, இடவலம் மாறிக் கிடந்த எழுத்துகளை நேரானதைப் படிப்பதுபோல ஒரே மூச்சில் படித்தார். நாள் முழுக்க அவருக்கு அதுதான் பிழைப்பு. துணியில் பெயர் நேராக விழ வேண்டுமென்றால் தாளில் அதைத் திருப்பி அடித்துத்தான் இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும்.

“இது என் வேலைக்கான செட்டிங். பிரிண்டர்ல பாரு.”

மென்பொருளில் இல்லை, பிரிண்டரின் சொந்த அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், ‘கண்ணாடிப் பிம்பம்’. அதில் டிக் இருந்தது. திரையில் அது தெரியாது, தாளில் மட்டும்தான் தெரியும். அதோடு விட்டதா? என் எட்டுப் பட அமைப்போடு சேர்ந்து அதுவும் சேமிக்கப்பட்டிருந்தது. அந்த அமைப்பைத் தொடும்போதெல்லாம் டிக் தானாக வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் நான் கட்டிக் காத்த கடை, என் கையால் தூக்கி வளர்த்த பெண்ணின் பிழைப்பு, எல்லாம் இந்த மனிதரின் பனியன் வியாபாரத்தில் போகப் போகிறதே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். என் அமைப்பைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கேட்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அமைப்பின் பெயருக்குக் கீழே அது கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதி சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, நான்தான்” என்றார். “டிக்கை எடுத்துட்டேன். அடி.”

அடித்தேன். மச்சம் இடது கன்னத்தில் வந்தது. ஹால் டிக்கெட்டுக்கான சின்னப் படங்களையும் அடித்தேன். கடிதத்தைத் தட்டினேன். பதினாலாம் தேதி எங்கள் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட இந்தப் படம், கடையில் டி-ஷர்ட் வேலை பார்க்கும் என் கணவரின் கவனக்குறைவால் இடவலம் மாறி அச்சாகிவிட்டது என்று எழுதினேன். கணவரின் கவனக்குறைவு என்பதைத் தட்டும்போது விரலுக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர் படித்துப் பார்த்தார். முத்திரையை எடுத்து, மை தொட்டு, நேராக வைத்து அழுத்தினார். கூடையிலிருந்த கெட்டுப்போன இரண்டு தாள்களையும் நீவி உறையில் போட்டுக்கொண்டார். குப்பையை எதற்கு என்றேன். இருக்கட்டும் என்றார்.

பத்து மூன்றுக்குக் கிளம்பினோம். இடுப்பு வலிக்காரர், மேடு பள்ளம் பார்த்துத்தான் எப்போதும் ஓட்டுவார். அன்று பார்க்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முதுகு விறைத்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. சிக்னலில் நின்ற நேரமெல்லாம் நான் சின்னவளை நினைத்தேன். போன வருடம் ரிசல்ட் வந்த அன்று அக்காவுக்குக் கேக் வெட்டிவிட்டுத் தான் மட்டும் சமையலறையில் போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஏமாற்றுக்காரி என்று ஒருத்தி எழுதப் போகிறாள், நான் அடித்த படத்தை வைத்து.

கேட்டுக்குள் வண்டியை விடவில்லை. அவரை வெளியே விட்டுவிட்டு உறையோடு ஓடினேன். தாழ்வாரத்து பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேனா, பென்சில், ரப்பர் எல்லாம் தயாராக இருந்தன. சுவர்க் கடிகாரம் பத்து இருபது.

கண்காணிப்பாளர் அம்மா அதட்டுகிறவர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. என் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். படத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்பி அடிக்கலாம், இப்போது திருப்பியதா அப்போது திருப்பியதா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. உறைக்குள் கைவிட்டபோது அந்தக் குப்பைத் தாள்கள் தட்டுப்பட்டன.

அதில் ஒன்றையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஹால் டிக்கெட்டையும் வைத்தேன். கெட்டுப்போன தாளில் இருக்கும் முகமும் ஹால் டிக்கெட் முகமும் முடிக்கற்றை உட்பட ஒன்று, கழுத்துப்பட்டியின் மடிப்பும் அப்படியே. அந்தத் தாளில் பட்டையைப் பாருங்கள், எழுத்து இடவலமாக இருக்கிறது. எழுத்து நேராக இருக்கும் தாளில் மச்சம் இடது கன்னத்தில். துணியில் தைத்த எழுத்து யாருக்காகவும் பொய் சொல்லாது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தார். படத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். சின்னவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கடிதத்தை எடுத்தார்.

“தவறு செஞ்சவர்தான் இதில கையெழுத்துப் போடணும். பதினாலாம் தேதி இதை அச்சடிச்ச உங்க கணவர் வந்திருக்காரா?”

வெளியேதான் நிற்கிறார், ஒரு நிமிடத்தில் கூட்டி வருகிறேன் என்று திரும்பினேன். மணி பத்து இருபத்துநாலு.

“பெரியம்மா,” என்றாள் சின்னவள். “பதினாலாம் தேதிதானே நான் பெரியப்பாவுக்கு ஊசி போட வீட்டுக்கு வந்தேன்? அவர் எழுந்திருக்கவே முடியாம படுத்திருந்தாரே. அங்கிருந்து கடைக்கு வந்துதானே நீங்க படம் எடுத்தீங்க?”

பொய் வராத பிள்ளை. இரண்டாவது முறையாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வாரம் அவருக்கு முதுகுத்தண்டில் பிடிப்பு. பத்து நாள் பலகையில் மல்லாந்து கிடந்தார். பதினாலாம் தேதி ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு நாற்பது டி-ஷர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. நான்தான் அடித்தேன். கட்டத்தில் டிக் போட்டது இந்தக் கை. அடுத்து சீருடையோடு வந்து நின்ற சின்னவளைப் படமெடுத்து, தாள் அளவை மாற்றி, எட்டுப் படத்தை அடித்து, மறுபடி மறுபடி அளவு மாற்றுவானேன் என்று சேமி என்பதை அழுத்தியதும் இதே கைதான். அன்று ராத்திரி அவரிடம், உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன், இதென்ன பெரிய வித்தையா என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைக் கட்டியவரையே கோணல் என்றேன்.

“அப்போ இந்தக் கடிதம் பொய்யா?” என்றார் கண்காணிப்பாளர்.

என் வீட்டுக்காரரை வெளியிலிருந்து கூப்பிட்டால் வந்து கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். நான் கண்காணிப்பாளரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன்.

“பொய்தாம்மா. தெரிஞ்சு சொன்ன பொய் இல்ல. அடிச்சது நான். அவர் மேல பழியைப் போட்டதும் நான். இப்ப, இவ சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

கடையில் டி-ஷர்ட் வேலை பார்க்கும் என் கணவரின் என்பதை அடித்து, மேலே என் என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கண்காணிப்பாளர் தாளைத் தொடவில்லை. அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை வேறு யாருக்கெல்லாம் இப்படி அடித்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். வாயைத் திறந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. எல்லாருக்கும். வேலைக்கு, விசாவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, இரண்டு மாதமாக என்னிடம் வந்த ஒவ்வொரு ஆளுக்கும். இந்த இரண்டு மாதத்தில்தான், இதுவரை எடுத்ததிலேயே இதுதான் என்னைப் போல இருக்கிறது என்று ஆள் மாற்றி ஆள் பாராட்டிவிட்டுப் போனார்கள். புதிதாக வாங்கிய விளக்கின் மகிமை என்று நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அவரவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகத்தை அவரவர் கையில் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். சின்னவளும் தன் படத்தைப் பார்த்து அதைத்தான் சொன்னாள்.

“எல்லாருக்கும்” என்றேன். “இருநூறு பேருக்கு மேல இருக்கும்.”

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து என் கையெழுத்தைப் பார்த்தார்.

“பொய் சொல்ல வந்தவங்க, தன் கடைக்கே கேடு வர்ற மாதிரி சொல்லமாட்டாங்க” என்றார். புதுப் படத்தை ஹால் டிக்கெட்டில் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, சின்னவளிடம் நீட்டினார். “போ. அரை மணி நேரம் போயிடுச்சு. அதைத் திருப்பித் தர முடியாது.”

சின்னவள் ஓடினாள். பேனா கீழே விழுந்தது. திரும்பி எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். அவள் பின்னால் கதவு சாத்திக்கொண்டபோது மணி பத்து இருபத்தெட்டு.

நான் மெதுவாக நடந்து வெளியே வந்தேன். அவர் ஸ்கூட்டரில் உட்காராமல் அதன் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்திருப்பார். உள்ளே போய்விட்டாளா என்று கேட்டார். போய்விட்டாள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பதினாலாம் தேதி நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள், அது உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். தெரியும் என்றார். திரையில் தேதி போட்டிருந்ததே, அப்போதே பார்த்தேன் என்றார். பிறகு ஏன் நான்தான் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உன்கிட்ட வாதாடியிருந்தா பத்தரை ஆயிருக்கும்” என்றார்.

வண்டியை நான் ஓட்டினேன். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, இறக்கி ஏற்றி, கடைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. பின்னால் உட்கார்ந்திருந்தவர், அந்த இருநூறு பேருக்கும் தானே போன் செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடையைத் திறந்ததும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணை நானே அழுத்தினேன்.